ஒரு நாளைக்கு எத்தனை

கோலப்பிலா ஆஸ்பத்திரியில்
டாக்டர் கேட்டாராம்:
ஒரு நாளைக்கு எத்தனை போத்தல்?

வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.
எனக்குத் தெரியும்.
பகாவ் பழைய சந்தைக்குப் பின்புறம்
ஆ லெங் மளிகைக் கடையில்
பதினோரு வருடமாய்க் கல்லாவில் நிற்கிறேன்.
சம்சு எடுத்துக் கொடுத்த கை
இதுதான்.

பஸ் பிடித்து வந்திருந்தாள் தனபாக்கியம்,
பள்ளிக்கூடம் துடைக்கும் நீலச் சட்டையோடு.
வயிறு பானையாட்டம் ஊதியிருச்சு,
கண்ணு மஞ்சளாப் போச்சு,
நீங்க எழுதி வைப்பீங்களாமே,
பார்த்துச் சொல்லுங்க.

555 புத்தகம். உள்ளங்கை அகலம்.
செங்கோடன் பெயரில் மட்டும் எட்டு,
ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேன்.

முதல் புத்தகத்தில்
அரிசி பத்து கிலோ, நெத்திலி,
பிள்ளைக்குப் பால்மாவு.
ஓரத்தில் எங்கோ தீபாவளிக்கு ஒரு பீர்.
மூன்றாவதில் சம்சு, சின்னது,
சனிக்கிழமைகளில்.
ஐந்தாவதில் கிழமை கிடையாது.
பெரட்டுக்கு முன்னால் ஒன்று கேட்பார்,
கை நடுக்கம் நிற்க.
செம்பனைக் குலை அறுக்கும் கத்தி
முப்பதடி உயரத்தில் ஆடக்கூடாதே?
எனக்கும் அது நியாயமாய்ப் பட்டது.

ஏழாவதில் பால்மாவு இல்லை.
பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்றுதான்
நினைத்துக்கொண்டேன்.
அரிசி பத்து, ஐந்தாகி,
இரண்டானபோது
என்ன நினைத்துக்கொண்டேன் என்று
இப்போது ஞாபகம் வரவில்லை.

ஒன்று நாலு வெள்ளி.
மயில் படம் போட்ட லேபிள்.
மூடி திருகினால் எழும் அந்த வாடை
முதலாளி பெருநாளுக்குத் தந்த
போனஸ் உறையிலும்
கொஞ்சம் இருந்தது.

கூட்டினேன்.
கால்குலேட்டர் தேவைப்படவில்லை.
நாளுக்கு ஆறு.
சம்பள வாரத்தில் எட்டு.

அவள் ஒரு தாளை நீட்டினாள்.
பின்பக்கம் மகளின் கணக்குப் பாடம்,
வரிசையாய்ச் சிவப்புச் சரிகள்.
அதில் நான்
இரண்டு என்று எழுதினேன்.

ஆறு என்று எழுதினால்
ஆறும் என் கையெழுத்தில் இருக்கும்.
இரண்டு,
ஒரு மனிதன் குடிக்கக்கூடியது.
ஒரு பெண்
விற்றுவிட்டு வீட்டுக்குப் போய்ச்
சாமி விளக்கேற்றக்கூடியது.

ரெண்டுதானா, என்றாள்.
அவள் முகத்தில் சின்னதாய் ஒரு நிம்மதி
வந்து உட்கார்ந்தது.
கடன் பாக்கி கேட்டாள்.
நூற்றுப் பதினாறு வெள்ளி.
அடுத்த மாசம் கண்டிப்பா தந்திர்றேன், என்று
தாளை நான்காய் மடித்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள்
லோரி ஓட்டும் குணாளன் சொன்னான்:
கட்டிலோட சேர்த்துக் கட்டி வச்சிருக்காங்களாம்.
திரைச்சீலையில செவ்வெறும்பு ஏறுது
தட்டிவிடு தட்டிவிடுன்னு
விடிய விடியக் கத்தினாராம்.
வலிப்பு வேற.
ரெண்டு போத்தல நிறுத்தினதுக்கு
இவ்வளவு மோசமா வராதேன்னு
டாக்டரு அட்டைய
திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.
சொல்லிவிட்டு
சிகரெட்டுக்கு ஐம்பது வெள்ளித் தாளை நீட்டினான்.
மீதியைத் தப்பாய்க் கொடுத்தேன்.

பின்கட்டில்,
காலிப் போத்தல் அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவில்
நின்று போன் போட்டேன்.
எடுத்தது மிஸ்ஸி.
என் மலாய் திக்கியது.
எனாம், என்றேன். டுவா இல்லை. எனாம்.
சம்பள வாரத்தில் எட்டு.
முதல் போத்தல்
காலை ஐந்தேகாலுக்கு.
நின்றபடியே குடித்துவிட்டு
மூடியை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

இவ்வளவு சரியாகச் சொல்கிறீர்களே,
நோயாளிக்கு நீங்கள்
என்ன உறவு?

அதற்கு மலாயில் சொல் தேடினேன்.
தமிழிலும் தேடினேன்.
கெடாய், என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாளோ என்னவோ.
முன்னால் யாரோ
காசால் கல்லாவைத் தட்டினார்கள்.